வாவியின் ஒலியும் அடிகளார் யாழும்

விபுலானந்த அடிகளாரைப் போற்றுவார் பலர். அவர் இயற்றிய யாழ்நூலைப் பயில்வார் மிகச் சிலர். எம்போன்ற பண்டிதர் அந்நூலைக் கையிலெடுத்தால் சிலப்பதிகார அரங்கேற்றுகாதைக்கு அடிகளார் கண்ட விளக்கத்தை விரும்பிப் படித்து, கணக்குத் தொடங்கும் பக்கம் வந்ததும் ஏட்டை மூடிவிடுகின்றோம். கணக்கறிந்த விஞ்ஞான ஆசிரியரோ, முதற் பக்கத்துச் செய்யுள் நடையைக் கண்டு அஞ்சி, நூலைத் திறப்பதேயில்லை. இவ்வாறு இரு சாராரும் பாதி நூலை மட்டும் அறிந்து, முழு நூலையும் புகழ்ந்து வருகின்றனர். நூல் ஒருவர் எழுதியது. படிப்போரோ இரு வேறு உலகத்தினராய்ப் பிரிந்து நிற்கின்றனர். அந்த ஒருவர் இரண்டு கல்வியையும் ஓருள்ளத்தில் பொருத்தியது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். அடிகளாரின் துறவும் தொண்டும் பிறர் பலகால் எழுதியவை. அவற்றை ஈண்டுச் சுருங்கவே கூறுவேன்.

மட்டக்களப்பு மாநிலத்தின் தென்பாலுள்ள காரைதீவில், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராய், 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் அடிகளார் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். ஊரில் குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிந்து, வைத்தியலிங்க தேசிகரிடம் தமிழும் வடமொழியும் கேட்டு, கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலே ஆங்கிலம் தொடங்கி, பின் மட்டுநகர் சென்று புனித மைக்கேல் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரி இயேசு சபைத் துறவியர் நடாத்தியது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பெயர் பெற்றது. அங்கே கேம்பிரிட்ஜ் சீனியர்த் தேர்வில் தேறி, அங்கேயே சில காலம் ஆசிரியராகவும் அமர்ந்தார். 1911இல் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்று பயிற்சி பெற்றார்.

வரலாறு எழுதுவோர் பலரும் விரைந்து கடந்துபோகும் ஆண்டு ஒன்றுண்டு. அது 1916. அவ்வாண்டில் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியின் விஞ்ஞானத் தேர்விலும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் மயில்வாகனனார் தேறினார். ஒரு கையிலே நன்னூற் காண்டிகை, மறு கையிலே பௌதிக நூல் என்று எண்ணிப் பார்க்க. பண்டிதர் தேர்வு எத்தகைய உழைப்பைக் கேட்பது என்பதை யான் அறிவேன். அதற்குப் படித்த இரண்டாண்டும் வேறொரு நூலை யான் தொட்டதில்லை; தொட நேரமும் இருந்ததில்லை. மயில்வாகனனாரோ ஒன்றை ஒன்றற்கு இடையூறாகக் கருதவில்லை. 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைத் தாமே பயின்று பெற்றார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். தமிழாசிரியர் ஒருவர் பொழுதுபோக்காக விஞ்ஞானம் படித்தாரல்லர். விஞ்ஞானமே அவர்க்குச் சோறிட்ட தொழில்.

இனி, அவர் படித்தும் படிப்பித்தும் வாழ்ந்த மட்டுநகரைச் சற்று நோக்குவோம். புளியந்தீவைச் சூழ்ந்து கிடக்கும் வாவியிலே, காற்றடங்கிய நிலவிரவுகளில், நீரடியிலிருந்து மெல்லிய இன்னொலி எழுவதுண்டு. பாடும் மீன் என்று உலகம் அதனைச் சொல்லும். மீனன்று, ஊரி எனும் சிறு சங்கினமே ஒலிக்கின்றது என்று நம் தோணிக்காரர் சொல்லுவர். அவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் பெரும்பதவி வகித்த எமேசன் தெனன்ற் என்பார் இவ்வாவியிலே தோணியேறிச் சென்று இதனைக் கேட்டு, தம் நூலில் விரிவாக எழுதிவைத்தார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் உரசினாற் பிறக்கும் ஒலிக்கு அவர் இதனை ஒப்பிட்டார். தோணியின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி மிகப் பெரிதாகக் கேட்டதென்றும் குறித்தார்.

இந்த இறுதிச் செய்தியை நம் மீனவர் அவர்க்கு முன்னரே அறிவர். யான் மாணவப் பருவத்தில் ஒருமுறை கல்லடிப் பாலத்தருகே தோணியிற் சென்றபோது, தோணிக்கார மாமா துடுப்பின் அலகை நீருள் ஆழ்த்தி, பிடியின் நுனியைக் காதோடு அழுத்திக்கொள்ளச் சொன்னார். அதுவரை ஒன்றும் கேளாதிருந்த எனக்கு, நரம்பைத் தெறித்தாற் போன்ற ஒலி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. துடுப்பை நீக்கினால் மௌனம், வைத்தால் இசை. மாமா அதனை மந்திரம் என்றுஞ் சொல்லவில்லை, விஞ்ஞானம் என்றுஞ் சொல்லவில்லை. வெற்றிலையை மென்றபடி தம் வேலையைப் பார்த்தார்.

விஞ்ஞானம் சொல்வது இது. ஒலி செல்லும் ஒவ்வொரு பொருளும் அவ்வொலிக்கு ஓரளவு தடங்கல் காட்டும். பொருளின் அடர்த்தியையும், அதனுள் ஒலி செல்லும் வேகத்தையும் பெருக்கினால் அத்தடங்கலின் அளவு கிடைக்கும். நீரின் தடங்கல் வளியின் தடங்கலைப்போல் ஏறக்குறைய 3,500 மடங்கு. இத்துணை வேறுபட்ட இரண்டு பொருள்கள் சந்திக்கும் எல்லையில் ஒலி பெரும்பாலும் திரும்பிவிடும். நீருள் எழுந்த ஒலி நேரே மேல்நோக்கி வந்தாலும் அதன் சத்தியில் ஆயிரத்தில் ஒரு பங்களவே வளியினுட் புகும். எஞ்சியது நீருக்கே மீளும். ஆனால் மரத்தின் தடங்கல், நாரோடும் திசையில், நீரின் தடங்கலுக்கு அணித்து. ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு, அவ்வளவே. ஆதலின் நீரிலிருந்து மரத்தினுள் ஒலி எளிதிற் புகும். மரத்திலிருந்து காதருகே உள்ள என்பினுள்ளும் புகும். வளியின் வாயிலை நாடாமலே உட்செவியை அடையும்.

நம் செவியினுள்ளும் இவ்வேற்பாடே உண்டு. வளியில் வரும் ஒலியை உட்செவியின் நீர்மத்துக்குக் கடத்த வேண்டி, அகன்ற செவிப்பறையையும் அதனிற் பதினேழில் ஒரு பங்களவான சிறு வாயிலையும் அமைத்து, இடையே மூன்று சிற்றென்புகளை நெம்புகோலாக நிறுத்தியிருக்கின்றது இயற்கை. அழுத்தம் இருபது மடங்குக்கு மேற் பெருகுகின்றது. இவ்விடைப்பொருள் இல்லையேல் நாம் அனைவரும் பாதிச் செவிடரே.

இவ்வாவியின் இன்னொலியை நீரரமகளிர் பாடும் இசையாகக் கற்பனை செய்து அடிகளார் ஒரு செய்யுள் இயற்றினார். நீரரமகளிர் இன்னிசைப் பாடல் என்பது அதன் பெயர். அதனைப் படிப்போர் புலவரின் கற்பனை என்று மகிழ்ந்து நின்றுவிடுகின்றனர். பாடியவர் ஒலியியல் கற்பித்த ஆசிரியர் என்பதை நினைப்பதில்லை. நரம்பு எவ்வாறு ஒலிக்கும், ஒலி எவ்வாறு செல்லும் என்று பல்லாண்டு வகுப்பிலே சொல்லிக்கொடுத்தவர், நீரடி ஒலியைக் கேட்டு ஏழிசையை நினைப்பது வெறுங் கற்பனையாகாது. மற்றொன்றும் சொல்லத்தகும். அடிகளார் மறைந்த பின், அவர் பயின்ற அதே மைக்கேல் கல்லூரியைச் சார்ந்த லாங் அடிகள் எனும் அமெரிக்கத் துறவி, இவ்வொலியைக் கருவிகொண்டு பதிவு செய்தார். இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. நீரினுள் இறக்கும் ஒலிவாங்கி எதுவாயினும் துடுப்பின் தொழிலையே செய்கின்றது.

மயில்வாகனனார் 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924இல் சிவானந்த சுவாமிகளிடம் துறவு பெற்று, விபுலானந்தரானார். இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி ஆகிய இதழ்களின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். சேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்தி ஆராய்ந்த மதங்கசூளாமணி 1926இல் வெளிவந்தது. ஈழம் மீண்டு, மிஷன் பாடசாலைகளைப் பேணினார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது.

அங்குதான் யாழ் அவரைப் பற்றிக்கொண்டது. சிலப்பதிகாரத்தைப் பாடஞ் சொல்வோர் அரங்கேற்றுகாதையில் யாழாசிரியன் அமைதி வந்ததும் திகைத்து நிற்றல் இயல்பு. பழைய உரைகாரர் காலத்திலேயே யாழ் வழக்கிழந்துவிட்டது. கருவியைக் கண்டார் எவருமில்லை. பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகள் அதன் உறுப்புகளை உவமை வாயிலாக விரித்துரைக்கும். ஆயினும் உவமையைக் கொண்டு கருவி செய்யவியலாது. நாலும் நாலும் மூன்றும் இரண்டும் நாலும் மூன்றும் இரண்டுமாக இருபத்திரண்டு அலகு ஏழிசைக்கும் பகுக்கப்பட்டது என்பது நூல்வழக்கு. அந்த அலகு எவ்வளவு? அதனை இலக்கணம் சொல்லாது, நரம்பே சொல்லும். அடிகளார் இளி எனும் ஐந்தாம் இசைக்கு உரிய மூன்றுக்கு இரண்டு எனும் அளவை முதலிய பின்னங்களைக் கொண்டு, பாலைத் திரிபுகளைக் கணித்துச் சென்றார். ஏறக்குறைய 14 ஆண்டு இவ்வாராய்ச்சி நீண்டது. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழியலாக நூல் அமைந்தது.

யாழுறுப்பியலே என் உள்ளத்தை மிகுதியும் கவர்ந்தது. பத்தர், போர்வைத்தோல், ஆணி, கோடு, திவவு, நரம்பு என்னும் பெயர்களைப் பண்டிதர் மனப்பாடமாக அறிவர். அவை ஏன் அவ்வாறு அமைந்தன என்று கேட்பதில்லை. நரம்பு மெல்லியது. அது எத்துணை விரைந்து அதிர்ந்தாலும் காற்றைத் தள்ளும் வன்மை அதற்கில்லை. கத்தி முனையால் தண்ணீர் இறைக்க முயல்வது போன்றது. ஆகவே நரம்பின் அதிர்வை அகன்ற தோலுக்குக் கொடுத்து, தோல் காற்றுக்குக் கொடுக்கவேண்டும். தோல் துடுப்பைப்போல் இடைநிற்கும் பொருள்.

ஆயினும் இங்கே ஒரு நுட்பம் உண்டு. துடுப்பின் வேலை வந்த ஒலி முழுவதையும் வாரிக் கொடுப்பது. தோலின் வேலை அதுவன்று. நரம்பின் தடங்கலும் தோலின் தடங்கலும் ஒத்திருப்பின், தெறித்த கணத்திலேயே நரம்பின் சத்தி முழுவதும் தோலுக்குச் சென்றுவிடும். டொக்கென்று ஓர் ஓசை கேட்கும், இசை கேளாது. மாறாகத் தோலுக்குப் பதிலாகக் கருங்கல்லை வைத்தால் நரம்பு நெடுநேரம் அதிரும். செவிக்கோ ஒன்றும் எட்டாது. நரம்பு தன் சத்தியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அதிர்விலும் சிறிது சிறிதாக ஈயவேண்டும். அந்த ஈகையின் அளவை விறைப்பாலும் தோலின் கனத்தாலும் பத்தரின் வடிவாலும் பாணர் கண்டுவைத்தனர். தடங்கல் என்ற சொல் யாழ்நூலில் இல்லை. ஆனால் உறுப்புகளை இவ்வாறு கேள்வி கேட்டுப் படிக்கும் வழியை அந்நூலே எனக்குத் திறந்தது.

சொல் என்றதும் நினைவுக்கு வருகின்றது. 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்கத்தின் பொருட்டுக் கூடிய மாநாட்டுக்கு அடிகளாரே தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பித்தல் இயலுமா என்று பலர் ஐயுற்ற காலம் அது. இம்பீடன்ஸ் என்பதனை இன்று தடங்கல் என்பாரும் மின்மறுப்பு என்பாரும் உளர்; எச்சொல் சிறந்தது என்று வழக்காடுகின்றோம். வழக்காடும் நிலைக்கு வந்ததே அத்தலைமுறையின் உழைப்பாலன்றோ?

இந்தத் தடங்கற் செய்தி ஏட்டோடு நின்றுவிடுவதன்று என்பதற்குச் சிறு சான்று ஒன்று. ஓய்வுபெற்ற என் நண்பர் ஒருவர் இசைத்தட்டுக் கேட்பதிற் பெருவிருப்பினர். வால்வுகளால் ஆகிய பழைய முன்விரியலாக்கி ஒன்றை அருமையாகப் பேணி வைத்திருந்தார். அதனைப் புதிதாக வாங்கிய சத்தி விரியலாக்கியோடு இணைத்து, ஓதுவார் ஒருவரின் தேவார இசைத்தட்டை வைத்தார். ஓதுவாரின் மேற்குரல் குறைவின்றி ஒலித்தது. கீழ்க்குரலும் மிருதங்கத்தின் தொப்பியும் உயிரற்றுப் போயின. தட்டு தேய்ந்தது என்றார். பின்பு ஒலிபெருக்கி பழுது என்றார். வானொலி திருத்தும் இளைஞர் ஒருவர் வந்து, இரண்டு அளவையும் காகிதத்தில் எழுதிக் காட்டினார். பழைய கருவியின் வெளிவாயிலில் 0.1 மைக்கிரோபரட் கொள்ளளவி ஒன்று. புதிய கருவியின் உள்வாயிலின் தடங்கல் 10,000 ஓம். இவை இரண்டும் சேர்ந்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 160 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலி படிப்படியாகத் தேய்ந்துபோகும். உள்வாயில் 1,00,000 ஓம் ஆயின் அவ்வெல்லை 16 அதிர்வுக்கு இறங்கும்; செவியின் எல்லைக்கும் அப்பால்.

நண்பர் உடனே, அப்படியாயின் இரண்டு வாயிலையும் ஒரே அளவாக்கிவிடலாமே என்றார். பொருத்தம் என்றால் சமம் என்று எண்ணுவது இயல்பே. சத்தியைக் கொடுப்பதற்குச் சமம் வேண்டும். வால்வு விரியலாக்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே மாற்றி ஒன்று நிற்பது அப்பொருத்தத்துக்கே. முன்விரியலாக்கி கொடுப்பது சத்தியன்று, அலையின் வடிவம். வடிவம் சிதையாமற் செல்ல, வாங்குபவன் மிகக் குறைவாக வாங்கவேண்டும். வாங்கும் வாயிலின் தடங்கல், கொடுக்கும் வாயிலினதைப்போல் பத்து மடங்கேனும் இருத்தல் நலம். சமமாக்கினால் மின்னழுத்தத்திற் பாதி வழியிலேயே போய்விடும். முந்திய கதை துடுப்பு, இது யாழ். இளைஞர் பெரிய கொள்ளளவியை மாற்றி வைத்தார். அடுத்த பதிகத்தில் தொப்பி முழங்கிற்று. அவ்விளைஞர் யாழ்நூலின் பெயரையே அன்றுதான் கேட்டார். யாழுறுப்பியலைப் பிரதி செய்து கேட்டுப் பெற்றுச் சென்றார். என் மாணாக்கர் எவரும் இதுவரை அவ்வாறு கேட்டதில்லை.

நிற்க. அடிகளார் 1933இல் அண்ணாமலையை நீங்கினார். 1937இல் திருக்கைலாய யாத்திரை சென்றார். 1939 முதற் சில காலம் இமயத்து மாயாவதியில் தங்கிப் பிரபுத்த பாரதம் எனும் ஆங்கில இதழை நடாத்தினார். எங்கிருந்த போதும் யாழாராய்ச்சி உடனிருந்தது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடல் நலிந்தது, நோயும் நூலும் ஒரே காலத்தில் வளர்ந்தன. பேராசிரியப் பணி, பாடசாலைகள், கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் நடுவே அவர் கணக்கை விடவில்லை. இடையில் விட்டிருந்தால் அதனைத் தொடர வேறொருவர் அன்று இருந்திரார் என்பதே என் துணிபு. யாழைப் பற்றிச் செய்யுள் அறிந்தோரும் இருந்தனர், ஒலியியல் அறிந்தோரும் இருந்தனர். அவர்கள் ஒருவரோடொருவர் பேசியதில்லை.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்த யாழ்நூல், 1947ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 5ஆம், 6ஆம் நாள்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடிகளார் கணக்கின்படி இயற்றப்பட்ட இசைக்கருவிகளை ஊர்வலமாக எடுத்துவந்தனர். நூல்நிலையத்தில் அடங்கிக் கிடக்கவேண்டிய ஆராய்ச்சி ஒன்று, கோயில் மண்டபத்தில் இசையாக ஒலித்தது. கணக்குச் சரியா, பிழையா என்று காட்டும் தீர்ப்பைப் புலவர்க்கு மட்டும் விடாமல், கேட்போர் செவிக்கும் விட்டார். விஞ்ஞானியின் துணிவு அது.

அடுத்த மாதம் 19ஆம் நாள் கொழும்பில் அடிகளார் இயற்கை எய்தினார். வயது ஐம்பத்தைந்து. திருமேனி மட்டக்களப்புக்குக் கொணரப்பட்டு, கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பெற்றது. அரங்கேற்றத்துக்கும் மறைவுக்கும் இடையே ஆறு வாரமே. நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஐயம் வினவ வந்தோர்க்கு விடை சொல்ல ஆசிரியர் இல்லாது போயினார். வகுத்த பின்னங்களை அடியொற்றி மீண்டும் கணித்துப் பார்க்கும் வேலை, நூலின் ஒவ்வோர் இயலிலும் நமக்காகக் கிடக்கின்றது. இசைநரம்பியலைத் தொடங்க விரும்பும் ஆசிரியர்க்கு வேண்டுவன ஒரு நீண்ட மரப்பெட்டி, ஒரு கம்பி, சில படிக்கற்கள், ஓர் அளவுகோல். பாடசாலை விஞ்ஞான கூடத்தில் இவை நான்கும் உண்டு. திறவுகோலை மட்டும் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டு வாங்கவேண்டும்.